கள்ள முத்திரை

தக்காளி இலையில் கரும்புள்ளிகளை உண்டாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியாவுக்கு, இலையின் மெழுகுத் தோலைத் துளைக்கும் கருவி ஏதும் கிடையாது. பூஞ்சைகள் பல அத்தோலைக் கிழித்துக்கொண்டே நுழையும். இந்தக் கிருமியோ, மழைத்துளியிலோ பனிநீரிலோ மிதந்து வந்து, காயம்பட்ட இடத்தையோ, காற்றை வாங்கவும் விடவும் இலை திறந்து வைத்திருக்கும் இலைத்துளைகளையோ தேடியே உள்ளே புக வேண்டியிருக்கிறது.

அத்துளைகள் காவலற்ற வாயில்கள் என்றே வெகுகாலம் எண்ணப்பட்டு வந்தது. 2006-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், மயேலி மெலோட்டோ, ஷெங் யாங் ஹே முதலியோர் அரபிடாப்சிஸ் என்னும் கடுகினத்துச் சிறு செடியின் இலைமீது இக்கிருமியை விட்டு உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஓரிரு மணி நேரத்துக்குள் பெரும்பாலான துளைகள் மூடிக்கொண்டன. கிருமி நீந்துவதற்கு உதவும் இழையின் புரதத் துணுக்கு ஒன்றை உணர்ந்தாலே போதும், துளையின் காவல் செல்கள் தளர்ந்து வழியை அடைத்துவிடுகின்றன. ஆயினும், மூன்று மணி நேரம் கழிந்ததும் அதே துளைகள் மறுபடியும் திறந்தன. கொரோனடின் என்ற நச்சுப்பொருளைச் செய்ய இயலாத கிருமி வகையை விட்டால் மட்டும் அவ்வாறு திறக்கவில்லை.

இப்பொருளை 1977-இல் ஜப்பானிய ரசாயன அறிஞர் இச்சிஹாராவும் அவருடைய சகாக்களும் ஒரு தீவனப் புல்லைத் தாக்கும் கிருமியிடமிருந்து பிரித்தெடுத்து, அதன் அமைப்பையும் வெளியிட்டிருந்தனர். அதன் காரியம் என்ன என்பதை அறிய, செடியின் ஹார்மோன்கள் இரண்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

புழு இலையைக் கடித்ததும் செடியில் பெருகுவது ஜாஸ்மோனிக் அமிலம். 1962-இல் பிச்சிப்பூவின் வாசனை எண்ணெயில் அகப்பட்ட ஒரு பொருளுக்கு அது நெருங்கிய உறவு. ஐசோலூசின் என்னும் அமினோ அமிலத்தோடு அது கூடியவுடன், செல்லுக்குள் இருக்கும் கோய்-1 என்ற ஏற்பிப் புரதத்தில் சென்று அமர்கிறது. அமரவே, அதுவரை தற்காப்பு மரபணுக்களை அடக்கி வைத்திருந்த ஜாஸ் புரதங்கள் அழிக்கப்பட்டு, புழுவின் ஜீரணத்தைக் கெடுக்கும் புரதங்கள் உற்பத்தியாகின்றன. உயிருள்ள செல்களை அண்டி வாழும் கிருமிகளுக்கு எதிராகச் செடி நம்பியிருப்பதோ, ஆஸ்பிரினுக்கு மூலமான சாலிசிலிக் அமிலத்தை. 1979-இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரினையே ஊசியால் செலுத்தி, மொசைக் வைரஸின் புள்ளிகள் குறையக் கண்டார்.

இவ்விரு ஏற்பாடுகளும் பெரும்பாலும் பரஸ்பர விரோதமானவை. ஒன்று ஓங்கினால் மற்றது தாழும். இதைச் செடியின் பலவீனம் என்று சொல்வாருண்டு. எனக்கு அது சிக்கனமாகவே தோன்றுகிறது. வளர்ச்சிக்கும் விதைக்கும் வேண்டிய சர்க்கரையையும் நைட்ரஜனையும், வராத சத்துருவுக்காகச் செலவிடாமலிருப்பது விவேகந்தானே?

பாக்டீரியா கைவைப்பது இந்த விவேகத்தின்மேல்தான். ஐசோலூசினோடு கூடிய ஜாஸ்மோனிக் அமிலத்தின் சாயலைக் கொண்ட கொரோனடின், கோய்-1 புரதத்தின் குழியில் அசலைக் காட்டிலும் இறுக்கமாகப் பொருந்துகிறது. அரசனுடைய முத்திரையைக் கள்ளத்தனமாக வார்த்துக்கொண்ட ஒற்றன் சேனையை எதிர்த்திசைக்கு அனுப்பிவிடுவது போல, புழு வந்திருப்பதாகச் செடியை நம்பவைத்து, சாலிசிலிக் அமிலம் சேரவொட்டாமல் தடுத்து, அடைத்த வாயிலையும் திறக்கச் செய்து இக்கிருமி உள்ளே போகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அசல் ஹார்மோனின் ஏற்பியை மனிதனுக்குக் காட்டிக்கொடுத்ததே இந்தப் போலிதான். 1994-இல், இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தினர் கொரோனடின் கலந்த ஊட்டத்தில் விதைகளை முளைக்கவிட்டு, வேர் குன்றாமல் நீண்ட செடிகளைப் பொறுக்கியெடுத்தனர். அவற்றில் பழுதுபட்டிருந்த மரபணுவே கோய்-1. அச்செடிகளைக் கிருமி எளிதில் வீழ்த்த முடியவில்லை. ஆனால் அவற்றின் ஆண்பாகம் மலடாயிருந்தது. புழுக்களுக்கும் அவை எளிய இரை என்பது பின்னர்த் தெரிந்தது. ஆகவே, ஏமாறுகிறது என்பதற்காக ஏற்பியை அடியோடு நீக்கிவிட வழியில்லை.

2015-இல் மிச்சிகன் ஆராய்ச்சியாளர் அந்த ஏற்பியின் 384-ஆவது இடத்திலிருந்த அலனினை மட்டும் வாலினாக மாற்றினர். செடி தன் ஹார்மோனுக்குச் செவிசாய்த்தது, விதையும் கட்டியது, கொரோனடினைப் பெரும்பாலும் மறுத்துவிட்டது. அது ஆய்வுக்கூடத்து அரபிடாப்சிஸ். தக்காளியில், 2019-இல், மாட்ரிட் விஞ்ஞானிகள் ஏற்பியைத் தொடாமல், காவல் செல்களில் மிகுந்திருக்கும் ஜாஸ்-2 என்ற புரதத்தின் ஒரு துண்டை மரபணுத் திருத்தத்தால் நீக்கி, அது அழிக்கப்படாமல் நிற்கும்படி செய்தார்கள். அச்செடிகளில் கொரோனடினால் இலைத்துளைகளைத் திறக்க முடியவில்லை. கரும்புள்ளி நோய் குறைந்தது. ஜாஸ்மோனிக் அமிலத்தின் துணைகொண்டு செடி எதிர்க்க வேண்டிய சாம்பல் அழுகல் பூஞ்சையிடம் அதன் வலிமையும் குன்றவில்லை.