ஈயச் சுரங்கத்தில் கொதித்த கறுப்புத் தேநீர்

கம்பாரில் என் அறைத்தோழியின் தாத்தா வீட்டுக்குச் சென்றிருந்தேன். "கறுப்புத் தேநீர் குடிக்கிறாயா?" என்று அவர் மலாயில் கேட்டார். கடையில் குடிக்கும் 'தே ஓ'தான் வரப்போகிறது என்று எண்ணித் தலையாட்டினேன்.

சின்னக் கிண்ணத்தில் வந்தது செம்பழுப்பு நிறத் தேநீர். பழைய மரப்பெட்டியைத் திறந்தது போன்ற வாடை. ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி இருக்கிறதா, கோங் கோங்?" என்று கேட்டுவிட்டேன். தாத்தா சத்தமாகச் சிரித்தார்.

அது 'லியூ பாவ்' தேநீர். நாம் கறுப்புத் தேநீர் என்பதைச் சீனர்கள் 'சிவப்புத் தேநீர்' என்கிறார்கள். அவர்கள் கறுப்புத் தேநீர் என்று சொல்வது வேறு வகை. பறித்த இலைகளைச் சூடாக்கி, உருட்டி, ஈரத்தோடு குவித்து வைக்கிறார்கள். நுண்ணுயிரிகள் இலையின் சுவையை மெல்ல மாற்றுகின்றன. பிறகு ஆவியில் வேகவைத்து, மூங்கில் கூடைகளில் அழுத்தி, பல ஆண்டுகள் முதிர விடுகிறார்கள்.

சீனாவின் குவாங்சி வட்டாரத்தில் உள்ள லியூ பாவ் என்ற ஊரின் பெயரே இந்தத் தேநீருக்கும். அங்கிருந்து ஆற்று வழியாகக் குவாங்சோவுக்கும் ஹாங்காங்கிற்கும் சென்று, பிறகு கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. இங்கே அதற்காகக் காத்திருந்தவர்கள் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்.

தாத்தாவும் அவர்களில் ஒருவர். 17 வயதில் வேலைக்குச் சேர்ந்தார். நீரைப் பீய்ச்சி மண்ணை உடைப்பார்கள். சேற்று நீரை உயரமான 'பாலோங்' மரச்சாரத்துக்கு ஏற்றி ஈயத்தைப் பிரிப்பார்கள். நாள் முழுவதும் வெயிலிலும் தண்ணீரிலும் நிற்க வேண்டும். தவுக்கே பெரிய பானையில் இந்த இலையைப் போட்டுக் கொதிக்க வைத்திருப்பாராம். உடல் சூட்டைத் தணிக்கும் என்று நம்பி எல்லாரும் மொண்டு குடிப்பார்களாம்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தாத்தாவின் சுரங்கமும் மூடியது. கம்பாரைச் சுற்றி நாங்கள் படம் எடுத்து மகிழும் ஏரிகள் பலவும் அந்தப் பழைய சுரங்கக் குழிகள்தாம்.

"கடைசி நாளில் சாமான் கொட்டகையில் மிஞ்சியிருந்த தேயிலையை எடுத்து வந்தேன். இது அதுதான்" என்று தகர டின்னைத் திறந்து காட்டினார். அடியில் இரண்டு கைப்பிடி இலை இருந்தது.

முதிர்ந்த லியூ பாவுக்கு இன்று நல்ல விலை. 2022இல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த சீனத் தேயிலைத் தயாரிப்புக் கலைகளில் இதுவும் ஒன்று. டின்னை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்களாம். தாத்தா கொடுக்கவில்லை.

என் தோழி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள். "இந்த வாடை பிடிக்காமல் நான் இதைத் தொட்டதே இல்லை. சுரங்கத்தைப் பற்றியும் தாத்தாவிடம் கேட்டதில்லை" என்றாள் மெதுவாக. பிறகு தன் கிண்ணத்தையும் நீட்டினாள்.

தாத்தா அதே இலையில் மீண்டும் கொதிநீர் ஊற்றினார். மூன்றாவது கிண்ணத்தில் மண் வாடை அடங்கி, தேநீர் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்குத் தெரிந்த ஏதோ ஒரு மணம் மிஞ்சி நின்றது. "பாக்கு மணம். நல்ல லியூ பாவுக்கு அதுதான் அடையாளம்" என்றார் தாத்தா. ஆமாம், என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி!

அன்று மாலை பாட்டியை அழைத்தேன். "பாட்டி, தோட்டத்துல மரம் வெட்டுன காலத்துல பசியாறைக்கு என்ன குடிப்பீங்க?"

சற்று நேரம் பேச்சில்லை. "இதெல்லாம் இப்ப எதுக்குக் கேக்குற?" என்றார் பாட்டி. ஆனால், அந்த அழைப்பு முடிய ஒரு மணி நேரமானது.