டிராக்டர் காலையில் செல்ஃப் எடுக்கலையா? மோட்டாரைக் கழற்றும் முன் பாருங்க



மார்கழி, தை வந்தாலே நம் ஏற்காடு மலையில் டிராக்டர் வைத்திருக்கும் குழுக்களுக்கு ஒரே தொல்லைதான். சாயங்காலம் நன்றாக ஓடிய வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் "டக்"னு ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். காப்பி மூட்டை ஏற்ற வேண்டிய நேரம். அன்றைய வாடகை போச்சு, வங்கித் தவணை மட்டும் நிற்காது. "செல்ஃப் மோட்டார் போச்சு, சேலத்துக்கு அனுப்பணும்"னு யாராவது சொன்னால் குழுவும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. வண்டியை யார் ஓட்டினாலும் அது நம் குழுவின் சொத்து. அதனால் முதலில் நாமே பார்ப்போம்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுமே, அதே கதைதான். இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அந்தச் சூடு கிடைக்கும். ஆனால் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டிப்படுகிறது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மாதிரி உறையாது, ஆனாலும் சுற்ற அதிக பலம் வேணும். பேட்டரியோ குளிரில் மந்தமாகி, வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கரண்ட் கொடுக்கும்.

ஆனாலும் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கும் நம் ஊரில் குளிர் 12, 13 டிகிரி வரை இறங்கும், அவ்வளவுதான். பூஜ்யத்துக்குக் கீழே போகிற இமாச்சலத்திலும் டிராக்டர் ஓடுதே! நல்ல பேட்டரியும் சுத்தமான இணைப்பும் உள்ள வண்டியை நம்ம குளிர் நிறுத்தாது. ஏற்கனவே இருக்கிற குறையைத்தான் அது வெளியே காட்டுது.

கியர் நியூட்ரலில் இருக்கா, கிளட்ச் முழுசா மிதிச்சிருக்கா பாருங்க. பல வண்டிகளில் இல்லாவிட்டால் செல்ஃபே எடுக்காது. அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஓட்டுநர் சாவியைத் திருப்பட்டும், நாம் பக்கவாட்டில் தள்ளி நின்று லைட்டைப் பார்ப்போம். அணைகிற மாதிரி மங்கினால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கு, இல்லைன்னா டெர்மினல் பிடிக்கலை. லைட் மங்காமல் "டக்" மட்டும் கேட்டால் சொலினாய்டு, கார்பன் பிரஷ் பக்கம் சந்தேகம். அது மெக்கானிக் வேலை.

டெர்மினலில் வெள்ளையா, பச்சையா பூத்திருந்தால் அதுதான் கரண்ட்டைத் தடுக்குது. சுத்தம் செய்யும் முன் வளையலையும் செயினையும் கழற்றி வையுங்க. தாலிக்கொடியை ரவிக்கைக்குள் போட்டுக்குங்க. இரண்டு முனையிலும் உலோகம் பட்டால் நெருப்பாய்ச் சுட்டுவிடும். ஆசிட் தெறித்தால் புடவை ஓட்டையாகும், கண்ணும் போகும். பேட்டரி கிட்ட பீடி, விளக்கு கூடவே கூடாது, அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டணும். ஆப்பசோடா கலந்த வெந்நீர், பழைய டூத் பிரஷ் போதும். சோடாத் தண்ணி பேட்டரிக்குள் போகக்கூடாது. துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்க. வண்டியின் உடம்பில் சேரும் எர்த் ஒயரை யாரும் கவனிக்கிறதே இல்லை. துருப்பிடிச்சிருந்தால் அதையும் தேய்த்து இறுக்கணும். தண்ணி ஊற்றும் பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஊற்றுத் தண்ணி ஆகாது.

செல்ஃபைத் தொடர்ந்து 10 நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க, இல்லைன்னா நல்ல மோட்டாரும் கருகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுக்கணும். கீழே நின்று ஸ்பானரை மோட்டாரில் வைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம். கியரில் இருந்தால் வண்டி அப்படியே பாய்ந்து, நிற்கிறவர் மேலே ஏறிவிடும். உயிரே போகும். சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும், ஏர் கிளீனரில் பெட்ரோல் தெளிப்பதும் அப்படித்தான். நம் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் சரியாகலைன்னா, மெக்கானிக் அண்ணனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். சாவி திருப்பும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். மோட்டாரே மாற்றணும்னு சொன்னால் பழைய மோட்டாரையும் பில்லையும் கேட்டு வாங்கி, அடுத்த குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்க.