சாம்பலும் செங்கல்லும்

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்து லண்டனில் வீட்டுக்கு வீடு கணப்பிலே நிலக்கரி எரிந்தது. எரிந்து மிஞ்சிய சாம்பலைத் தொழிலாளர் வண்டிகளில் அள்ளிச் சென்று, அதற்கென ஏற்பட்ட கிடங்குகளில் குன்றுகளைப்போல் குவித்தார்கள். அக்குன்றுகளின் அடிவாரத்தில், உடைக்குமேல் தடித்த தோலைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு சாம்பலில் நின்று, பெண்கள் நாள் முழுவதும் சல்லடையால் சலித்தார்கள். நயமான சாம்பல் செங்கல் அறுப்போரிடம் சென்று களிமண்ணோடு கலந்தது. முற்றும் எரியாத கரித்துண்டுகள் அதே செங்கல்லைச் சுடும் எரிபொருளாயின. எலும்பு சோப்புக் காய்ச்சுவோருக்கும், கந்தல் காகித ஆலைக்கும், உடைந்த பீங்கானும் சிப்பி ஓடும் சாலை போடுவோருக்கும், பிய்ந்த காலணி பிரஷ்ய நீலம் என்னும் சாயம் தயாரிப்போருக்கும் போய்ச் சேர்ந்தன. ஓர் இல்லத்தின் அடுப்புச் சாம்பல் மற்றோர் இல்லத்தின் சுவராக எழுந்த இந்த விந்தையை, ஹென்றி மேஹ்யூ என்னும் பத்திரிகையாளர், லண்டனின் ஏழைத் தொழிலாளரைப் பற்றி 1851 முதல் வெளியிட்ட பெருநூலில் வெகு விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

துணியின் கதையும் இத்தகையதே. யார்க்‌ஷயர் பிரதேசத்துப் பாட்லி என்னும் ஊரில், பழங்கம்பளிக் கந்தலைப் பிய்த்து, புதுக் கம்பளியோடு சேர்த்து நூற்று, மறுபடியும் துணியாக நெய்யும் உபாயத்தை 1813-இல் பெஞ்சமின் லா என்பவர் கண்டுபிடித்தார். விக்டோரியா காலத்தில் பாட்லியும் அதன் அண்டை ஊரான டியூஸ்பரியும் இத்தொழிலாலேயே செழித்தன. கழிவுப் பொருள்களின் பிரயோஜனத்தை விளக்குவதற்கென்றே பீட்டர் லண்ட் சிம்மண்ட்ஸ் என்பவர் 1862-இல் ஒரு நூல் வெளியிட்டார் என்றால், விரயத்தை வெறுக்கும் மனோபாவம் அச்சமூகத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

ஆயினும், இதைக் கண்டு மயங்கி, அது ஒரு பொற்காலம் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. தோல் பதனிடுவோருக்கு விற்பதற்காகத் தெருத்தெருவாக நாய்மலம் பொறுக்கித் திரிந்த முதியவர்களையும் அதே மேஹ்யூ நமக்குக் காட்டுகிறார். எதையும் வீணாக்காத அந்தச் சிக்கனத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவர்கள் ஏழைகள். அதன் பயனை அனுபவித்தவர்கள் வேறு மனிதர்கள்.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாகவே நாறிற்று. நதிக்கரையில் நிற்கும் பாராளுமன்ற மாளிகையின் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. நதியைத் தூய்மைப்படுத்த ஆகஸ்டு மாதத்திலேயே சட்டம் பிறந்தது. ஜோசப் பாஸல்ஜெட் என்னும் பொறியியல் நிபுணர், 82 மைல் நீளத்துக்குப் பெருஞ்சாக்கடைகளை, 31 கோடிக்கு மேற்பட்ட செங்கற்களைக் கொண்டு பூமிக்கடியில் நிர்மாணித்தார். அன்றைய ஜனத்தொகையோடு நின்றுவிடாமல், பிற்காலத்தில் பெருகப்போகும் ஜனத்தொகையையும் கணக்கிட்டே அவர் திட்டமிட்டார். அதனால்தான் அச்சாக்கடைகள் இன்றும் உழைக்கின்றன. 1866-இல், பணி முற்றுப்பெறாதிருந்த கிழக்கு லண்டனைத் தாக்கிய காலராவுக்குப் பிறகு, அந்நகரில் அக்கொள்ளைநோய் தலைதூக்கவே இல்லை. தாம் காணப்போகாத சந்ததிக்காகக் கட்டுவது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமா?

அதே சாக்கடையில் ஒரு பெருந்தவறும் சேர்ந்தே ஓடியது. முன்பெல்லாம் வீட்டு மலக்குழிகளிலிருந்து அள்ளப்பட்டு, நகரைச் சூழ்ந்த வயல்களுக்கு எருவாகச் சென்ற சத்து, இப்போது நகருக்குக் கிழக்கே நதியில் விழுந்தது. 1887 முதல் அதன் கசடு கப்பலேறிக் கடலில் கொட்டப்பட்டது. அவ்வழக்கம் 1998 வரை நீடித்தது. மண்ணின் வளத்தை இவ்வாறு தொலைக்கலாகாது என்று லீபிக் போன்ற ரசாயன அறிஞர்கள் அன்றே மன்றாடினார்கள். ஆனால் பிரிட்டனோ, தன் எருவை நீரில் விட்டுவிட்டு, பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து கடற்பறவைகளின் எச்சத்தை உரமாக விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

நிலக்கரியின் விஷயத்திலும் எச்சரிக்கை உரிய காலத்தில் எழவே செய்தது. பூமியின் கரி என்றென்றைக்கும் வருமா என்று வினவிய வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், 1865-இல் வெளியிட்ட நூலில் ஓர் அரிய உண்மையை நிலைநாட்டினார்: குறைந்த கரியில் நிறைந்த வேலை செய்யும் இயந்திரம் வந்தால் கரிச் செலவு குறையும் என்று நாம் எண்ணுகிறோம், நடப்பதோ நேர்மாறு, இயந்திரத்தை ஓட்டுவது மலிவாவதால் ஒன்று இருந்த இடத்தில் பத்து வந்து, மொத்தச் செலவு ஏறிவிடுகிறது. அவ்வாண்டில் சுமார் 10 கோடி டன்னாக இருந்த பிரிட்டனின் கரி உற்பத்தி 1913-இல் 28 கோடி டன்னைக் கடந்தது. மின்சாரத்தைச் சிக்கனமாக உண்ணும் விளக்கையும் வாகனத்தையும் வாங்கிவிட்டாலே நம் கடமை தீர்ந்தது என்று கருதும் நாம், ஜெவன்ஸ் சொன்னதை மறக்கலாகாது. நுட்பம் மட்டும் போதாது. இவ்வளவு போதும் என்னும் வரம்பும் வேண்டும்.

அவ்வரம்பை விக்டோரியா சமூகம் தனக்கு விதித்துக்கொள்ளவில்லை. தன் நிலம் கொடுக்க முடியாததைப் பிறர் நிலத்திலிருந்து வரவழைத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடி, நம் முன்னோரால் தாது வருஷத்துப் பஞ்சம் என்று நடுக்கத்தோடு நினைவுகூரப்பட்ட அந்தக் கொடும்பசியின் காலத்திலும், இந்தியாவின் தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பிறர் பசியின்மேல் எழுப்பப்பட்ட சுபிட்சத்தை நிலைத்த வாழ்வு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே, அச்சமூகத்திடமிருந்து நாம் பெற வேண்டியவற்றைப் பிரித்தறிந்தே பெறவேண்டும். கழிவிலே பொருளைக் காணும் கண்ணை ஏற்போம். ஆனால் அவ்வேலையைச் செய்வோருக்குக் கையுறையும் நியாயமான கூலியும் மதிப்பும் தருவோம். பேரப்பிள்ளைகளைக் கணக்கில் வைத்துக் கட்டிய தொலைநோக்கை ஏற்போம். மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பும் கடமையையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம்.

லண்டனின் பழைய மஞ்சள் செங்கல் சுவர்களை அருகே சென்று பார்ப்பவர்கள், அவற்றில் ஆங்காங்கே சிறு கரும்புள்ளிகளை இன்றும் காணலாம். களிமண்ணோடு கலந்த கரிச்சாம்பலின் சுவடுகள் அவை. அந்தச் சாம்பலைச் சலித்த பெண்களின் பெயர்கள் எச்சுவரிலும் பொறிக்கப்படவில்லை. நாம் எழுப்பப்போகும் வீட்டில், சாம்பலுக்கு இடம் இருப்பதுபோலவே, சலித்தவளுக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும்.