நாக்கு நுனியில் நிற்கும் பெயர்

முகம் தெரிகிறது, ஊர் தெரிகிறது. பெயர் மட்டும் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது! வயது ஏற ஏற இந்தத் தவிப்பு அதிகமாகும். வீட்டில் சிறுசுகள் சிரிக்கலாம். பெரியவர்களுக்கோ உள்ளூரப் பயம், புத்தி தடுமாறுகிறதோ என்று. இதை மட்டும் வைத்து வியாதி என்று முடிவு கட்ட வேண்டாம். பெயர் தொலைந்துவிடவில்லை, எடுக்கத்தான் வழி அகப்படவில்லை. முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் பல சமயம் மீதி தானே வந்துவிடுகிறதே!

2011-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இதற்கு மின்சாரத்தைப் பிரயோகித்துப் பார்த்தார்கள். ஷாக் அல்ல, இரண்டு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. உப்பு நீரில் நனைத்த பஞ்சைத் தலையில் வைத்துச் சில நிமிஷங்கள் செலுத்தினால் சற்றுக் குறுகுறுக்கும், அவ்வளவுதான்.

பிறகு பிரபலங்களின் படங்களைக் காட்டினார்கள். மின்சாரம் செலுத்தாமல் சும்மா பஞ்சு வைத்த நாளைவிட, காதுக்கு முன்னால் இடது பக்க மூளைக்குச் செலுத்திய நாளில் முதியவர்கள் அதிகப் பெயர்களைச் சொன்னார்கள்! இளைஞர்களுக்குப் பலித்ததோ வலது பக்கம். விசித்திரம்தான்!

ஆனால் பரீட்சைக்கு வந்தவர்கள் சிலரே. பலன் எத்தனை நாள் நிற்கும் என்பதும் வேறு கேள்வி. பாட்டரியும் கம்பியுமாக வீட்டில் யாரும் இறங்கிவிடாதீர்கள். இடமும் அளவும் தப்பினால் தோல் புண்ணாகிவிடும்.