இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு: தீர்ப்பும் மக்கள் கருத்தும்

எம். கே. தியாகராஜ பாகவதர் (1910–1959) திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவர். அந்நகரில் எஃப். ஜி. நடேசய்யரின் நாடகத்தில் சிறுவனாக மேடையேறி, பின்னர் திரையுலகின் முதல் பெரும் நட்சத்திரமானார்.

1944 நவம்பரில் 'இந்துநேசன்' இதழை நடத்திய இலட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். திரையுலகினரின் அந்தரங்கம் பற்றி அவதூறு எழுதிவந்தவர் அவர். கொலைச் சதியில் பங்குண்டு என்று பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். ஒருவர் மீது பகை இருக்கக்கூடும் என்பது ஊகம். சதியில் பங்கு என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்று.

ஜூரர்கள் அமர்ந்த விசாரணையில் 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. இலண்டன் பிரிவி கவுன்சில் மறுவிசாரணைக்கு அனுப்பியது. 1947 ஏப்ரலில் அதே உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

மக்கள் கருத்து இந்த வழியில் செல்லவில்லை. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்', பாகவதர் சிறையில் இருந்தபோதும் சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடி மூன்று தீபாவளிகளைக் கண்டது. குற்றமற்றவராக வெளிவந்தபின் அவர் நடித்த 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி' (1952) முதலிய படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. ஆனால் அதே தீர்ப்பில் விடுதலையான கிருஷ்ணன் மீண்டும் புகழுடன் நடித்தார்.

ஆகவே, கொட்டகையின் கூட்டம் குற்றத்துக்கோ குற்றமின்மைக்கோ சான்றாகாது. மேல்முறையீடு முடியும்வரை முதல் தீர்ப்பும் முடிந்த முடிபன்று. எனினும் சிறையில் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர இயலவில்லை.