நோய்க்கால நுழைவு விதிகளும் பயணியின் மனக்கணக்கும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்

ஒரு நாட்டைக் காணச் செல்லுமாறு மனிதனைத் தூண்டுபவை பல. இயற்கை எழில், பழஞ்சின்னங்கள், வணிகம், கல்வி, உறவு என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் 2020ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம், "அந்த நாட்டில் காண்பதற்கு என்ன இருக்கிறது?" என்னும் கேள்வி பின்னுக்குப் போய், "அந்த நாட்டுக்குள் நம்மை விடுவார்களா?" என்னும் கேள்வியே முன்னுக்கு வந்தது. 2019இல் உலக நாடுகள் யாவும் சேர்ந்து பெற்ற வெளிநாட்டுப் பயணிகளின் வருகை சுமார் 146 கோடி. கொரோனா பரவிய 2020இல் அது சுமார் 40 கோடியாகச் சுருங்கிற்று.

இவ்வீழ்ச்சிக்கு நோயச்சம் ஒரு காரணம். நோயை ஒட்டி அரசுகள் வகுத்த நுழைவு விதிகள் மற்றொரு காரணம். இவற்றுள் விதிகள் எவ்வாறு பயணியின் முடிவை மாற்றின என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"வெளிநாட்டுப் பயணம் பற்றிய ஆராய்ச்சி நமக்கெதற்கு?" என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். என் வீட்டிலும் இதுவரை கடவுச்சீட்டு எடுத்தவர் ஒருவருமில்லை. ஆயினும் இந்த அனுபவம் நமக்கும் உண்டு. 2020இல் தமிழ்நாட்டுக்குள்ளேயே மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கேட்டார்கள் அல்லவா? திருமணம், இறப்பு, மருத்துவம் போன்ற காரணங்களுக்கே முதலில் கிடைத்த அந்த அனுமதி, ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தவர்க்கெல்லாம் உடனே கிடைத்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அதுவே தேவையற்றுப் போயிற்று. "பாஸ் கிடைக்குமா? கிடைத்தாலும் திரும்பி வர விடுவார்களா?" என்று அன்று நம் குடும்பங்கள் போட்ட அதே கணக்கைத்தான் உலகப் பயணிகள் பெரிய அளவில் போட்டார்கள்.

பழமையான வழக்கம்

நோய்க்காலத்தில் வருவோரைத் தடுத்து நிறுத்துவது புதிய வழக்கமன்று. இன்று குரோவேசியா நாட்டில் துப்ரோவ்னிக் என வழங்கும் ரகூசா என்னும் துறைமுக நகரம், 1377ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சட்டம் இயற்றியது. பிளேக் நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் நகருக்கு வெளியே 30 நாள் தங்கிய பின்னரே உள்ளே வரலாம் என்பது அச்சட்டம். பிற்காலத்தில் இக்காலம் 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் குவரண்டா என்ற சொல்லே குவாரண்டைன் என்று உலகெங்கும் பரவியது.

அக்காலத்தில் கப்பற்பயணமே பல வாரங்கள் பிடித்தது. ஆதலின் வணிகன் முப்பது நாள் காத்திருந்ததில் பெரு வியப்பில்லை. இன்றைய பயணியோ பத்து நாள் விடுப்பை எண்ணி எண்ணிச் செலவிடுபவன். அன்றைய விதியை இன்றைய பயணியின்மேல் வைக்கும்போது விளைவு வேறாகிறது.

மூன்று கணக்குகள்

பயணி ஒருவன் புறப்படுமுன் மனத்துக்குள் மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறான் எனலாம்.

முதலாவது நாட்கணக்கு. பத்து நாள் விடுப்புள்ளவனிடம் "14 நாள் அறைக்குள் தனித்திரு" என்றால், அது கதவை அடைத்ததற்கே சமம். பணத்தைக் கடன் வாங்கலாம். நாளைக் கடன் வாங்க இயலாது.

இரண்டாவது பணக்கணக்கு. புறப்படுமுன் பரிசோதனை, இறங்கியதும் பரிசோதனை, கட்டாயக் காப்பீடு, குறிப்பிட்ட விடுதியில் தங்கும் செலவு ஆகியவை டிக்கெட் விலையோடு சேர்கின்றன. தனியாளுக்குச் சிறிதாகத் தோன்றும் செலவு, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு மடங்காகிறது.

மூன்றாவது உறுதிக்கணக்கு. டிக்கெட் வாங்கும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையில் விதி மாறிவிட்டால் என்ன செய்வது? வெளிநாட்டில் பரிசோதனை செய்து, நோய் உண்டு என முடிவு வந்தால் எங்கே தங்குவது? இக்கேள்விகளுக்கு விடையில்லாதபோது பயணி புறப்படுவதில்லை.

இம்மூன்றனுள் உறுதிக்கணக்கே தலையாயது என்பது என் துணிபு. நாளும் பணமும் முன்கூட்டித் தெரிந்தால் அவற்றுக்கு ஏற்பத் திட்டமிடலாம். தெரியாத ஒன்றுக்கு எவரும் திட்டமிட முடியாது. சில நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்ப்போம்.

ஜப்பான் கற்பித்த பாடம்

ஜப்பானுக்கு 2019இல் வந்த வெளிநாட்டார் சுமார் 3 கோடியே 19 லட்சம். நோய்க்காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவை அடைத்த அந்நாடு, 2022 ஜூன் 10 அன்று அதனைச் சிறிது திறந்தது. நோய் குறைந்தவை எனக் கருதப்பட்ட 98 நாடுகளிலிருந்து வருவோர்க்குத் தனிமைப்படுத்தல் இல்லை. ஆனால் அவர்கள் வழிகாட்டியுடன் கூடிய குழுவில்தான் வரவேண்டும். பயணம் முழுவதும் வழிகாட்டியை விட்டுப் பிரியலாகாது. அதற்கு முன்பு விசாவின்றி வந்து போனவர்களும் இப்போது விசா பெற வேண்டும். ஒரு நாளில் நாட்டுக்குள் நுழைவோர் மொத்தம் 20,000 பேர் என்ற வரம்பும் இருந்தது.

விளைவு என்ன? ஜூன் 10 முதல் 30 வரை இம்முறையில் சுற்றுலாவுக்கென வந்தவர்கள் 252 பேர் மட்டுமே! வாயால் "வா" என்று சொல்லி முகத்தால் "போ" என்று சொல்லும் வீட்டுக்கு விருந்தினர் எப்படி வருவர்?

செப்டம்பர் 7 அன்று வரம்பு 50,000 ஆக உயர்ந்தது. வழிகாட்டி இல்லாத தொகுப்புப் பயணமும் அனுமதிக்கப்பட்டது. அக்டோபர் 11 அன்று வரம்பு நீங்கியது. தனிப்பயணிகளுக்கு அனுமதி கிடைத்தது. விசா விலக்கும் திரும்பி வந்தது. மாணவர், வணிகர் உட்பட அந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டார் அனைவரின் தொகை மாதவாரியாக எப்படி ஏறியது என்று பாருங்கள். ஜூனில் சுமார் 1,20,000. செப்டம்பரில் சுமார் 2,06,000. அக்டோபரில் சுமார் 4,98,000. நவம்பரில் சுமார் 9,34,000. டிசம்பரில் சுமார் 13,70,000. மூன்றே மாதங்களில் ஆறரை மடங்கு!

"யென் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து பயணம் மலிவானதன்றோ காரணம்?" என்று வினவலாம். நல்ல வினாவே. யென் வீழ்ச்சி அவ்வாண்டின் வசந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. கோடை முழுவதும் ஜப்பான் மலிவாகவே இருந்தது. ஆனால் கூட்டம் வரவில்லை. மலிவும் விதித்தளர்வும் ஒன்றுசேர்ந்த பின்னரே கூட்டம் வந்தது. எனவே விதியே பூட்டு, விலை வெறும் தாழ்ப்பாள் எனலாம்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. டிசம்பரில் வந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் அண்டை நாடான தென்கொரியர். அவர்களுக்கு ஜப்பான் மூன்று நாள் பயணத்துக்குரிய நாடு. மூன்று நாள் பயணத்துக்காக விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க யார் மனம் கொள்வர்? பயணம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு விதியின் சுமை மிகுதி என்பது இதனால் விளங்கும்.

தாய்லாந்தும் மாலத்தீவும்

சுற்றுலாவை நம்பி வாழும் இவ்விரு நாடுகளும் வெவ்வேறு வழியில் சென்றன.

2019இல் சுமார் 4 கோடிப் பயணிகளைப் பெற்ற தாய்லாந்து, 2021 ஜூலை 1 அன்று புக்கெட் தீவை மட்டும் சோதனை முறையில் திறந்தது. தடுப்பூசி போட்டவர்கள் அறைக்குள் அடைபடாமல் தீவுக்குள் உலவலாம். ஆனால் 14 இரவு அங்கேயே தங்கிப் பலமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நவம்பர் 1 முதல், 63 நாடுகளிலிருந்து வருவோர் ஓரிரவு தங்கிப் பரிசோதனை முடிவு பெற்றால் போதும் என்ற எளிய முறை வந்தது. மக்கள் நம்பி முன்பதிவு செய்யத் தொடங்கிய வேளையில், ஒமிக்ரான் பரவியதால் டிசம்பர் 22 அன்று புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன. 2022 பிப்ரவரி 1 அன்று அம்முறை மீண்டும் வந்தது. 2021 முழுவதிலும் அந்நாட்டுக்கு வந்தவர்கள் 4 லட்சத்துச் சொச்சம். அதாவது 2019இல் வந்தோரில் நூற்றில் ஒரு பங்கு!

மாலத்தீவோ 2020 ஜூலை 15 அன்றே திறந்தது. தனிமைப்படுத்தல் இல்லை. அவ்வாண்டு செப்டம்பர் முதல், புறப்படுமுன் எடுத்த ஒரு பரிசோதனைச் சான்று கேட்கப்பட்டது. விதி ஓரிரு வரிகளில் அடங்கியது. 2019இல் 17 லட்சம் பேர் வந்த அந்நாட்டுக்கு 2021இல் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மிகுதியாகச் சென்றவர் இந்தியரே. ஆயினும் இந்தியாவில் இரண்டாம் அலை வீசியபோது, தெற்காசியப் பயணிகளுக்கு 2021 மே 13 முதல் இரண்டு மாத காலம் மாலத்தீவும் கதவை அடைத்தது.

இவ்விரு நாடுகளையும் அப்படியே ஒப்பிடுவது முறையன்று. மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதி. கடலே அங்கு வேலி. தாய்லாந்துக்கு அவ்வசதியில்லை. எனினும் எளிய விதி, நீடித்த விதி ஆகிய இரண்டும் பயணியின் நெஞ்சில் நம்பிக்கை ஊட்டின என்பதை மறுக்க முடியாது.

திரும்பும் வழி

சேரும் நாட்டின் விதியை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறும். சொந்த நாட்டின் விதியும் முடிவை மாற்றும். அமெரிக்காவுக்கு விமானத்தில் திரும்புவோர், அந்நாட்டுக் குடிமக்களேயாயினும், நோயில்லை என்ற சான்று காட்ட வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 26 முதல் 2022 ஜூன் 12 வரை இருந்தது. சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் சிக்கிக்கொள்வோமோ என்ற அச்சத்தை இது விளைத்தது. ஆஸ்திரேலியா தன் குடிமக்களில் பெரும்பாலோர் வெளியே செல்வதையே 2021 அக்டோபர் இறுதிவரை தடுத்தது. 2019இல் ஜப்பானுக்கு வந்தோரில் பத்தில் மூவர் சீனர். 2022இல் ஜப்பான் கதவைத் திறந்தும் அவர்கள் வராததற்குச் சீனாவின் விதிகள் பெருங்காரணம். நாடு திரும்பினால் தனிமைப்படுத்தல் என்ற விதியைச் சீனா 2023 ஜனவரி 8 அன்றுதான் நீக்கியது.

யாருடைய ஊசி?

விதியின் கடுமையைக் காட்டிலும் அதன் பாகுபாடு மனத்தைப் புண்படுத்தும். பிரிட்டனில் உருவான ஆக்ஸ்போர்டு தடுப்பூசியையே புனே நகரில் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்தனர். ஆனால் 2021 அக்டோபர் 4 அன்று நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் விதி, இந்தியாவில் வழங்கிய தடுப்பூசிச் சான்றை ஏற்கவில்லை. இரண்டு ஊசி போட்டுக்கொண்ட இந்தியரும் ஊசி போடாதவராகவே கருதப்பட்டு, 10 நாள் தனித்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியாவும் அதே நாள் முதல் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு 10 நாள் தனிமையை விதித்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இந்தியச் சான்றை ஏற்றது. இந்தியாவும் தன் பதில் விதியை விலக்கிக்கொண்டது. ஒரு வாரமே நீடித்த பிணக்குத்தான். ஆனால் கல்லூரி திறக்கும் பருவத்தில் பயணப்பட்ட மாணவர்களுக்கு அந்த ஒரு வாரம் சிறிதன்று.

மறுபக்கம்

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, நுழைவு விதிகளே வேண்டா என்று முடிவுகட்டுவது பேதைமை. 2020 மார்ச் 19 அன்று வெளிநாட்டார்க்குக் கதவடைத்த நியூசிலாந்தில், அவ்வாண்டு இறுதிவரை கொரோனாவால் இறந்தோர் 25 பேரே. அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். மக்களில் பெரும்பாலோர்க்குத் தடுப்பூசி போட்ட பின்னர், 2022 ஜூலை இறுதியில் அது முழுமையாகத் திறந்தது. அக்காத்திருப்பு பல உயிர்களைக் காத்தது. அதே வேளையில், நாடு திரும்ப இடம் கிடைக்காமல் அதன் குடிமக்களே வெளிநாடுகளில் தவித்தனர். இடம் ஒதுக்கிய குலுக்கல் முறை சிலருடைய உரிமையைப் பாதித்தது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

உயிர் ஒரு தட்டில், பிழைப்பு மறுதட்டில். பயணி வராவிடில் நட்டம் விடுதி முதலாளிக்கு மட்டுமன்று. அறை துடைப்பவர், படகு செலுத்துபவர், சிற்றுண்டி விற்பவர் ஆகியோரின் அன்றாடக் கூலி அங்கே நிற்கிறது. அவர்களுள் பலருக்குக் கடவுச்சீட்டே இராது. அவர்தம் அடுப்பு எரிவது கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் முடிவால்தான்.

செய்யத்தக்கது யாது?

கடுமையான விதியும் பயணியை விரட்டாது என்பதற்கு ஒரு சான்று நம் நாட்டிலேயே உள்ளது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து இந்தியா வருவோர் அதற்குரிய தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஊசி போட்டு 10 நாள் ஆகியிருக்க வேண்டும். சான்றில்லாதவரை 6 நாள் வரை தனிமைப்படுத்துவர். கண்டிப்பான விதிதான். ஆனால் பல்லாண்டுகளாக மாறாத விதி. ஒருமுறை போட்ட ஊசியின் சான்று 2016 ஜூலை முதல் உலகெங்கும் ஆயுள் முழுமைக்கும் செல்லும். எனவே பயணி ஊசியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் புறப்படுகிறான்.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, விதி இன்னது, எந்நிலை வந்தால் அது மாறும் என்பதை அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரண்டாவது, இடையில் விதி மாறினால் முன்பே பதிவு செய்தோர்க்குப் பணமோ மாற்று நாளோ கிடைக்க வழி செய்ய வேண்டும். மூன்றாவது, உலக சுகாதார நிறுவனம் ஏற்ற தடுப்பூசியை, அது எந்நாட்டில் போடப்பட்டதாயினும், எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும். நோய் பரவாமல் தடுப்பதோடு உலகப் போக்குவரத்துக்குத் தேவையற்ற இடையூறும் நேராதிருக்க வேண்டும் என்பதே 2005ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளின் நோக்கமுமாகும்.

கொரோனா பற்றிய உலக அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ஜப்பானுக்கு வந்தோர் 3 கோடியே 68 லட்சத்துக்கு மேல். இது 2019ஐயும் விஞ்சிய தொகை. பயண வேட்கை செத்துவிடவில்லை, காத்திருந்தது என்பதை இவ்வெண் காட்டுகிறது. மற்றொரு கொள்ளைநோய் வரும் நாளை நாம் அறியோம். ஆனால் அந்நாளில் வாயிலில் எழுதி வைக்க வேண்டிய விதிகளை, நோயற்ற இந்நாளிலேயே நாடுகள் கூடி எழுதி வைக்கலாம். வாயிலில் நிற்கும் காவலர் கண்டிப்பானவராக இருக்கட்டும்; நாளுக்கொரு பேச்சுப் பேசாதவராகவும் இருக்கட்டும்.