மேனுவலில் இருந்த தப்புப் படம்

போன மாதம் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயை மாற்றினோம். பிளம்பர் சுடுதண்ணீர் லைனையும் பச்சைத்தண்ணீர் லைனையும் இடம் மாற்றி இணைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை தண்ணி சுடுதேன்னு கைப்பிடியை நீலப் பக்கம் திருப்பினேன். இன்னும் சுட்டது. இன்னும் திருப்பினேன். கை சிவந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கூப்பிட்டுக் கேட்டால், "செக் பண்ணிட்டுத்தானே சார் போனேன், தண்ணி நல்லாத்தான் வந்துச்சு" என்கிறார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு விமான விபத்து. 2003 ஆகஸ்ட் 26, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹையானிஸ். கோல்கன் ஏர் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 1900டி, 19 பயணிகள் போகக்கூடிய சின்ன விமானம். பராமரிப்பு வேலை முடிந்து, பயணிகள் இல்லாமல் ஆல்பனிக்குக் கிளம்பியது. உள்ளே இரண்டு விமானிகள் மட்டும். மேலே ஏறியதுமே மூக்கு கீழே இழுக்க ஆரம்பித்துவிட்டது. டிரிம் கட்டுப்பாட்டில் இல்லை என்று சொல்லி, திரும்பி வந்து இறங்கப் பார்த்தார்கள். ஓடுபாதை வரை வர முடியவில்லை. யார்மத் அருகே கடலில் விழுந்து இருவரும் இறந்துபோனார்கள்.

டிரிம் என்றால் என்ன? விமானத்தின் வாலில் எலிவேட்டர் என்ற பலகை உண்டு. அது மேலே போனால் மூக்கு தூக்கும், கீழே போனால் மூக்கு தாழும். விமானி அதைக் கையால் இழுத்துப் பிடித்தபடியே மணிக்கணக்கில் ஓட்ட முடியாது. அதனால் எலிவேட்டரின் ஓரத்தில் டிரிம் டேப் என்று ஒரு குட்டிப் பலகை. காக்பிட்டில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால், கேபிள் வழியாக அது அசையும். பிறகு காற்றே எலிவேட்டரை வேண்டிய நிலையில் தாங்கிக்கொள்ளும். கைக்குப் பாரம் குறையும்.

இந்த விமானத்தில் முன்பக்க டிரிம் கேபிளைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அந்தக் கேபிள் ஒரு டிரம்மில் சுற்றி வரும். தயாரிப்பாளரின் பராமரிப்பு மேனுவலில் அந்த டிரம்மின் படமே திருப்பிப் போடப்பட்டிருந்தது! விளைவு, சக்கரம் ஒரு பக்கம், டேப் எதிர்ப்பக்கம். மூக்கைத் தூக்கச் சக்கரத்தைச் சுற்றினால், மூக்கு இன்னும் கீழே போகும். என் குழாய்க் கதைதான். ஆனால் அங்கே கையை எடுத்துக்கொண்டு யோசிக்க நேரம் இல்லை.

சரி, வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்கவில்லையா? அந்தச் சோதனை போதுமானதாக இல்லை என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. எனக்கு இங்கே ஒன்று உறுத்துகிறது. மூக்கைத் தூக்க எலிவேட்டர் மேலே போக வேண்டும். அதைக் காற்று மேலே தள்ள வேண்டுமானால் டேப் கீழே இறங்க வேண்டும். அதாவது, சரியாக இருக்கும்போதுதான் அது பார்வைக்குத் தலைகீழாகத் தெரியும். "அசையுதா? அசையுது" என்று மட்டும் பார்க்கிறவருக்கு இந்தத் தப்பு கண்ணில் படவே படாது.

விமானிகள் மீதும் வாரியம் கொஞ்சம் பழி வைத்தது. புறப்படும் முன் செய்ய வேண்டிய டிரிம் சோதனையை அவர்கள் செய்யவில்லை. செய்திருந்தால் சக்கரம் தப்பான பக்கம் சுற்றுவது தரையிலேயே தெரிந்திருக்கும். உண்மைதான். ஆனாலும் மேனுவலின் தப்புப் படத்தையும் அவர்கள் செக்லிஸ்ட் தவறியதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மெக்கானிக்குக்கு அந்தப் புத்தகம்தானே வேதம்? படத்தை நம்பாதே என்றால் அவர் வேறு எதை நம்புவார்?

அதே ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி சார்லட் நகரத்தில் இதே ரக விமானம் ஒன்று, ஏர் மிட்வெஸ்ட் 5481, புறப்படும்போதே விழுந்து 21 பேர் இறந்தார்கள். அதிலும் எலிவேட்டர் கேபிள் வேலைதான். ஆனால் அங்கே புத்தகம் சரி, மெக்கானிக் சில படிகளைத் தாண்டிவிட்டார், மேற்பார்வையிட்டவரும் விட்டுவிட்டார். மூக்கைத் தாழ்த்தும் திசையில் எலிவேட்டர் பாதி தூரம்தான் போகும் நிலை. அப்படியே ஒன்பது தடவை பறந்திருக்கிறது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பறப்பில் பயணிகளும் பெட்டிகளுமாக வால் பக்கம் பாரம் கூடியது. மூக்கு மேலே போனபோது அதைத் தாழ்த்த அந்த மீதிப் பாதி தேவைப்பட்டது.